என் பெயர் வைத்த பூச்சி

அய்யா,

திங்கட்கிழமை அந்தக் கட்டுரையை அச்சுக்கு விட்டுவிடுவேன் என்று போனில் சொன்னாய். விடாதே. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் வாய்க்கு முன்னால் நம் தேயிலை எஸ்டேட்டு லயத்து வரிசை வீடுகளில் எவரும் நிற்க முடியாது என்பது உனக்குத் தெரியும். கங்காணியே என்னிடம் அளந்துதான் பேசுவார். அந்த வாய் இந்த ஒரு விஷயத்தில் ஒட்டிக்கொண்டது. கைக்கு அந்தச் சிக்கல் இல்லை. பத்தாவது வரை படித்த கை, ஏலப்பாறையில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு மனுவும் பென்ஷன் மனுவும் எழுதிக் கொடுத்த கை. அதனால் எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் டீச்சர் மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை, நீ பாலக்காட்டுக் கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே வந்தது. மற்ற அம்மாக்களுக்கு மருமகள் வந்த பிறகு வருகிற வியாதி எனக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. நீ பூச்சி படிக்கிறாய் என்று சொன்னால் லயத்தில் சிரிப்பார்கள் என்று, "டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறான்" என்றேன். அதில் பட்டத்தை விட்டுவிட்டு டாக்டரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நீ லீவுக்கு வந்தபோது முழங்கால் வலி, மூச்சிரைப்பு என்று நான்கு பேர் வாசலில் வந்து நின்றது நினைவிருக்கிறதா? நீ பாவம், "எனக்குப் பூச்சி வைத்தியம்கூடத் தெரியாதுக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டாய். அன்று உன்னைத் தர்மசங்கடத்தில் விட்டது என் பெருமைதான். பெருமையும் பொறாமையும் என்னிடம் ஒரே பாத்திரத்தில்தான் இருக்கின்றன, எதை ஊற்றினாலும் மற்றதும் கூடவே வருகிறது.

டீச்சர் வீட்டுக்கு நீ என்னை முதன்முதலில் அழைத்துப் போனாயே, கோயில் தெருவில், ஒரே சுவர் இரண்டு வீட்டுக்கு நடுவே ஓடுகிற அந்த வீட்டுக்கு. "வாங்கோ வாங்கோ, உக்காருங்கோ. ஒங்க புள்ளை ரொம்ப சமத்தாக்கும், கேட்டேளா" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷிதான். அதுதான் எனக்கு ஆகவில்லை. கெட்ட மனுஷியாக இருந்திருந்தால் ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் ஏசிவிட்டு ஆறியிருப்பேன். அவர் காப்பி போட எழுந்தார். நீ "இருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். எட்டு எட்டு வைத்தால் அடுக்களை, மேல் தட்டில் கை விட்டுச் சர்க்கரை டப்பாவை எடுத்தாய். தேடவில்லை, கேட்கவில்லை. நம் வீட்டில் உப்பு எங்கே என்று இன்றுவரை என்னைக் கேட்கிறவன் நீ. அந்தக் காப்பியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பிறகு ஒரு தடவை உனக்குக் காய்ச்சல் வந்து, விட்ட பிறகு நான்காம் நாள் எனக்குச் சொன்னாய். "டீச்சர் கஞ்சி வெச்சுக் குடுத்தாங்கம்மா, நீ பயந்துருவேன்னுதான் சொல்லல." பயப்படுகிற உரிமையைக்கூட என்னிடமிருந்து எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டாய் என்று அன்று முழுக்கக் கொழுந்தைக் கிள்ளவில்லை, பிய்த்தேன்.

இனி பெட்டிக் கதைக்கு வருகிறேன். போன வருடம் கல்லூரி மூடியிருந்தபோது இரண்டு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தாய். உள்ளே சருகும் பஞ்சும், சருகுக்கு நடுவே பூசணம் பூத்த மாதிரி வெள்ளை நூல். அந்த நூலுக்குள் எறும்பு அளவில் பழுப்புப் பூச்சிகள். மரப்பட்டையில் இதை நான் எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறேன், பூசணம் என்றே நினைத்திருந்தேன். முன்னங்கால் பாதத்திலிருந்து நூல் விட்டு வீடு நெய்கிற பூச்சி என்று நீ சொன்னாய். முட்டைக்கும் குஞ்சுக்கும் தாய்ப்பூச்சி காவல் இருக்கும், அதற்குச் சிறகே முளைக்காது, ஆணுக்குத்தான் சிறகு, முளைத்ததும் கிளம்பிவிடும் என்றாய். உன் அப்பா பீடியைக் கீழே வைத்துவிட்டு, "இதப் பாக்க நீ பாலக்காடு வரைக்கும் போவணுமாக்கும்" என்றார்.

நீ காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கிளை போட்ட படம் வரைந்து எனக்கு விளக்கினாய். குஜராத் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் குங்கிலியம் கல்லாகிக் கிடக்கிறது, நாம் சாம்பிராணியோடு போடுகிற அதே குங்கிலியம்தான், கோடிக்கணக்கான வருடத்துக்கு முன் மரத்தில் வடிந்தது, அதில் இந்த ஜாதிப் பூச்சி ஒன்று சிறகோடு மாட்டிக்கொண்டு அப்படியே இருக்கிறது என்றாய். "அப்ப அது இதுக்குப் பாட்டனா?" என்று கேட்டேன். "பாட்டன்னு சொல்லக்கூடாதும்மா, பங்காளின்னு சொல்லலாம்" என்றாய். பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் சொந்தம் ஆகிவிடாது, மேலே ஒரே வீட்டிலிருந்து பிரிந்து வந்ததற்கு அடையாளம் வேண்டும் என்றாய். அந்த அடையாளம் ஆண்பூச்சியின் வால் பக்கத்தில், இடது முள்ளின் உட்புறம் இருக்கிற ஒரு சின்ன முடிச்சாம். பெண்ணெல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இது இன்ன இனம் என்று சொல்லிப் பெயர் வைக்க முடியாதாம். நெய்கிறதும் காக்கிறதும் அவள், பெயர் மட்டும் அவனை வைத்தா என்று நான் சண்டைக்கு வந்தேன். நீ சிரித்தாய். அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? உன் படிப்பில் எனக்கும் ஒரு பலகை போட்டு உட்கார வைத்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். பெட்டி ஒன்று நம் எஸ்டேட்டுச் சில்வர் ஓக் மரத்தில் எடுத்தது, சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. பெட்டி இரண்டுதான் முக்கியம். பாலக்காட்டுப் பக்கம் கோவிந்தாபுரத்தில், மலைக்கு அடிவாரத்தில் ஒரு மாமரத்தில் டீச்சர் எடுத்தது. பதினைந்து வருடமாக அந்த மரத்துக்குப் போய்ப் போய்ப் பெண்பூச்சியாகவே கிடைத்து, ஆண் கிடைக்காமல் பெயர் வைக்க முடியாமல் வைத்திருக்கிறார். "இதுல ஆண் வந்து, அந்த முடிச்சு மட்டும் இருந்துச்சுன்னா, டீச்சர் பேரத்தான் வைக்கணும்மா. உலகம் இருக்கற வரைக்கும் நிக்கும்." இப்படிச் சொல்லிவிட்டு, பயிற்சி வகுப்பு என்று மூன்று வாரத்துக்குக் கிளம்பினாய். தண்ணீர் தெளிக்க வேண்டும், சருகு மாற்ற வேண்டும், சிறகு முளைத்த பூச்சியைப் பார்த்தால் ஸ்பிரிட் குப்பியில் போட்டு, எந்த ஊர், எந்தப் பெட்டி, என்ன தேதி என்று பென்சிலால் சீட்டு எழுதி உள்ளே விட வேண்டும். "சீட்டுதாம்மா முக்கியம். சீட்டு தப்பாப் போச்சுன்னா பூச்சி இருந்தும் இல்லாத மாதிரி" என்று இரண்டு தடவை சொன்னாய். ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

பத்தாம் நாள் காலை, வேலைக்குப் போகும் முன் மூடியைத் திறந்தேன். பெட்டி இரண்டில், நூலுக்கு மேலே, புகை நிறத்தில் நான்கு சிறகோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. டீச்சர் பெட்டியில். என் பெட்டியில் ஒன்றும் இல்லை. இரண்டு பெட்டிக்கும் நான்தான் தண்ணீர் தெளித்தேன், இரண்டுக்கும் நான்தான் சருகு பொறுக்கி வந்தேன், அது அவருக்குத்தான் வந்தது. உன் காய்ச்சல் போல, சர்க்கரை டப்பா போல இதுவும் அவருக்குத்தான் என்று வயிறு எரிந்தது. குப்பியில் போட்டேன். சீட்டில் "ஏலப்பாறை, பெட்டி ஒன்று" என்று எழுதினேன். எழுதிய பிறகு, பெட்டிகளில் நீ நூலால் கட்டியிருந்த அட்டைகளை அவிழ்த்து ஒன்றை இரண்டிலும் இரண்டை ஒன்றிலும் மாற்றிக் கட்டினேன். பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆள்கணக்கு எடுக்கிற மஸ்டருக்குப் போனேன். அன்று நிறைய கிள்ளினேன், பாடிக்கொண்டே கிள்ளினேன் என்று பக்கத்து வரிசைக்காரிகள் சொன்னார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

நீ வந்தாய், குப்பியைக் கொண்டுபோய்ப் பார்த்தாய், கல்லூரியிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தாய். "எம்மா, முடிச்சு இருக்கும்மா! நம்ம மரத்துலம்மா! உன் மரத்துல!" என் மரம் என்று நீ சொன்னபோது எனக்கு எல்லாம் மறந்துபோனது. இரண்டு வாரம் கழித்து, இரண்டு என்று அட்டை தொங்கிய பெட்டியில் வரிசையாக ஆண்கள் வந்தன. எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பழைய இனம். உண்மையில் நம் சில்வர் ஓக்கிலிருந்து வந்தவை அவைதான். முடிச்சுப் பூச்சி வந்த அந்த மற்றப் பெட்டியில் பூசணம் பிடித்து மிச்சமெல்லாம் செத்தது. டீச்சர் எனக்குப் போன் செய்தார். திட்டப் போகிறார் என்று எடுத்தேன். "அந்த மாமரம் என்னை நன்னா ஏமாத்திடுத்து, போறது. ஒங்க மரத்துக்கு வந்துதே, அது போறும். பொறுமையா வளத்தேளே, அதைச் சொல்லுங்கோ" என்றார். பதினைந்து வருடம் தேடியதை நான் ஒரு பென்சில் சீட்டில் எடுத்துக்கொண்டேன், அவர் எனக்கு நன்றி சொன்னார். வைத்துவிட்டு உலையில் அரிசி போட்டேன். அன்றும் உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ இங்கே வந்து தேடிய அந்த மழை மாதங்கள்தான் என்னைத் தின்கின்றன. ஒரே ஒரு ஆணை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது, இன்னும் கொண்டுவா என்று கட்டுரையைப் பரிசோதித்தவர்கள் கேட்டார்கள். நீ ரெயின்கோட்டு மாட்டிக்கொண்டு சில்வர் ஓக் மரம் மரமாக ஏறி இறங்கினாய். கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் சாக்ஸில் ஒட்டிக்கொண்டு வருவாய், நான் உப்பு வைத்துத் துடைத்துவிடுவேன். "இன்னைக்கும் எல்லாம் பொண்ணுதாம்மா. வளத்துப் பாக்கணும்" என்பாய். வளர்த்தால் வருவது எல்லாம் அந்தப் பழைய இனம். இல்லாத ஒன்றைத் தேடி நீ நனைகிறாய் என்று தெரிந்துகொண்டே உனக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவள் நான். உண்மையைச் சொன்னால் நீ மறுநாளே பாலக்காட்டுக்குப் போய்விடுவாய். சொல்லாதவரை என் வீட்டில் இருப்பாய். இரண்டு மாதம் நீ என் கையால் சாப்பிட்டாய். அந்த ஆசைக்கு உன் காலை அட்டைக்குக் கொடுத்தேன். இதற்கு மேல் என்னைப் பற்றி நீ கேவலமாக எதுவும் நினைக்க முடியாது, நானே நினைத்தாகிவிட்டது.

கடைசியில், சீட்டு மாறியிருக்கலாமே என்று அந்தப் பரிசோதித்தவர்களில் ஒருவர் கேட்டு எழுதினார் அல்லவா? அந்த ஆள் யாரோ, எந்த நாடோ, உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னைப் பிடித்துவிட்டார். அதற்கு டீச்சர் எழுதிய பதிலை நீ எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாய். இந்தச் சீட்டை எழுதியவர் என் மாணவனின் தாயார், அந்த மலையிலேயே வாழ்கிறவர், அவர் எழுதியதை நான் என் பெயரைவிட நம்புகிறேன் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு நீ என்னைப் பெருமையாகப் பார்த்தாய். எனக்கு அடுப்படிக்குப் போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது, பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனேன். அடுப்பில் பாலே இல்லை.

அந்தப் பதிலை நம்பி ஒரே ஆணோடு கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள், போன வாரம் அச்சுக்குத் தயாரான தாளோடு வந்தாய். பூச்சியின் படத்துக்குக் கீழே என் பெயர், அதன் பின்னால் லத்தீனில் ஒரு வால். "உலகம் இருக்கற வரைக்கும்மா" என்று அதே வார்த்தையைச் சொன்னாய். நீ போன பிறகு உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பீடியை அணைத்தார். பிறகு, "பூச்சிக்கு அம்மை யாருன்னு சண்ட போட்டு, சொந்தப் புள்ளைய பொய் சொல்ல வச்சிட்டியேட்டி" என்றார். அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஏனென்றால் அதுதான் நடந்திருக்கிறது. இந்தப் பூச்சி குளிர்மலையில் ஒதுங்கித் தப்பித்தது, அதனால்தான் குங்கிலியத்துப் பங்காளியின் வம்சம் இன்னும் இருக்கிறது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். அது ஒதுங்கவில்லை அய்யா. கீழே வெயிலில், லாரி போகிற ரோட்டோரத்து மாமரத்தில்தான் இருக்கிறது. நாளைக்கு உன்னைப் படித்துவிட்டு யாரோ ஒரு பிள்ளை இந்த மலைக்கு வந்து நனையும். அதன் காலிலும் அட்டை ஏறும். நீ பொய் எழுதினாய் என்று அது சொல்லும். என்னை அதற்குத் தெரியாது.

அடுத்த மாதம் மேல் ஆராய்ச்சிக்கு ஜெர்மனி போகிறாய். புத்தி சொல்ல எனக்கு இனி யோக்கியதை இல்லை, ஆனாலும் பெற்ற வாய் சும்மா இருக்காது. பொறாமை வந்தால் உடனே யாரிடமாவது சொல்லிவிடு. சொன்னால் சிரிப்பார்கள், அத்தோடு போகும். நான் சொல்லியிருந்தால் நீயும் சிரித்திருப்பாய், "போம்மா" என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போயிருப்பாய். எனக்கு அது போதுமாக இருந்திருக்கும். சொல்லாமல் உள்ளேயே வைத்து வளர்த்தேன், அதற்குச் சிறகு முளைத்துவிட்டது.

ஆகவே செய்ய வேண்டியது இது. திங்கட்கிழமைக்குள் அவர்களுக்கு எழுதி நிறுத்திவிடு. ஊர் கோவிந்தாபுரம், மரம் மாமரம், பெட்டி இரண்டு, எடுத்தவர் டீச்சர். என்னை நம்ப முடியாவிட்டால் அந்த மரத்துக்குப் போய், பெண்களை எடுத்து வளர்த்துப் பார், முடிச்சோடு ஆண் வரும். சீட்டை யார் மாற்றினார்கள் என்று கேட்டால் என் அம்மா என்று எழுது, கவனக்குறைவு என்று பூசி மெழுகாதே. என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை வை. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் முன் அவர் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும். அவரிடம் மன்னிப்பு கேட்க நானே பாலக்காடு வருகிறேன், நீ எனக்காகக் கேட்க வேண்டாம். இதையெல்லாம் நல்ல மனதோடு சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. இப்போதும் வயிறு எரிகிறது. அவர் பெயரை அந்தப் படத்துக்குக் கீழே நினைத்துப் பார்த்தால் இந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்றுதான் இருக்கிறது. அதனால்தான் முடித்தவுடன் ஒட்டி, காலையில் முதல் ஆளாய்க் கூரியர் கடையில் நிற்கப் போகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்ததும் உனக்கு ஆத்திரம் வரும், அழுகையும் வரும். வழக்கம்போல எழுந்து டீச்சர் வீட்டுக்குப் போய்விடாதே. பஸ் ஏறி இங்கே வா. வாசலில் நின்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைத் திட்டு, வேண்டுமானால் சாப்பிடாமல் கிட. உன் கோபத்தையாவது அவருக்குக் கொடுக்காதே அய்யா, அது எனக்கு வர வேண்டியது.

அம்மா